அயல்நாட்டுப் பெருநகரில் தங்குமிடம் தேர்தல் – இலண்டனை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வழிச்செல்வார்க்கு நிழலும் நீரும் தங்குமிடமும் தருதலைப் பேரறமாகப் போற்றியது நம் மண். பெருவழிகள்தோறும் சத்திரங்களும் சாவடிகளும் எழுந்தமைக்கு இவ்வறவுணர்வே காரணமாகும். இன்றோ பயணத்தின் எல்லை கடல்கடந்து விரிந்துவிட்டது. ஆய்வரங்கில் கட்டுரை படிக்கவும், அரிய நூல்களைத் தேடிக் காணவும், உயர்கல்வி பெறவும் நம் மாணவர்களும் ஆசிரியர்களும் அயல்நாடு செல்கின்றனர். கடவுச்சீட்டு, நுழைவிசைவு, விமானச்சீட்டு ஆகியவற்றைப் பல திங்கள் முன்னரே முயன்று பெறும் இவர்கள், தங்குமிடத்தை மட்டும் கடைசி வாரத்திற்கு ஒத்திவைக்கின்றனர். அவ்வொத்திவைப்பால் பணமும் காலமும் வீணாவதோடு, சில வேளைகளில் சென்ற நோக்கமே நிறைவேறாது போவதும் உண்டு. பாதுகாப்பு, தாங்கக்கூடிய வாடகை, நகரின் நடுவில் அமைதல் என்னும் மூன்றும் ஒருங்கே பொருந்திய விடுதியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இலண்டன் மாநகரைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டறிவு தந்த பாடம்

முறையை விளக்குமுன் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். 2011ஆம் ஆண்டு, இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுநூல் ஒன்றைப் படியெடுப்பதற்காகச் சென்றேன். அந்நூலைப் பற்றி முதன்முதல் எனக்குச் சொன்னவர் என் ஆசிரியர். அதன் படி தமிழ்நாட்டில் எங்கும் கிட்டவில்லை. பன்னிரண்டு இரவுகள் தங்குவதற்கே என்னிடம் பணம் இருந்தது.

நூலகம் கிங்ஸ் கிராஸ், செயிண்ட் பாங்கிராஸ் என்னும் இரு இரயில் நிலையங்களை அடுத்துள்ளது. எனினும், 1980களில் இலண்டனில் வாழ்ந்து திரும்பிய எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், “தம்பி, எங்கே தங்கினாலும் தங்கு, கிங்ஸ் கிராஸ் பக்கம் மட்டும் தங்கிவிடாதே” என்று எச்சரித்திருந்தார். அன்பினால் கூறிய அறிவுரை அது. அதனை ஏற்று, நகரின் மேற்கு விளிம்பில், விமான நிலையத்திற்கு அப்பால், மலிவான விடுதியொன்றில் பதிவு செய்தேன். விடுதியின் பெயரில் இலண்டன் இருந்தது. இருக்குமிடமோ மாநகர எல்லைக்கு வெளியே இருந்தது.

அங்கிருந்து பேருந்தும் இரயிலும் மாறி நூலகம் அடைய ஒன்றரை மணி நேரமாயிற்று. காலை நெரிசல் வேளையில் கட்டணம் மிகுதியாதலால் ஒன்பதரை மணிக்கு மேல்தான் புறப்படுவேன். வாசக அறையில் அமரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். மாலையில் இருட்டுமுன் திரும்ப வேண்டும் என்னும் அச்சமும் உண்டு. இவ்வாறு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் இழந்தேன். பத்து வேலைநாள்களில் இழந்தவை இருபது மணி நேரம்; அஃதாவது, ஏறத்தாழ மூன்று முழு நாள்களின் படிப்பு. கையால் படியெடுத்த நூல் பாதியில் நின்றது.

மீண்டும் செல்லும் வாய்ப்பு 2018இல்தான் கிட்டியது. அம்முறை நூலகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தங்கி, ஆறே நாள்களில் எஞ்சிய பகுதியை முடித்தேன். ஆனால், அந்நூலைக் காண விரும்பிய என் ஆசிரியர் அதற்குள் மறைந்துவிட்டார். வாடகையில் மிச்சப்படுத்தியதாக நான் எண்ணிய சிறு தொகை ஏழாண்டுக் காலத்தை விழுங்கிவிட்டது. என் மாணவர்க்கு இந்நிலை நேரக்கூடாது என்பதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

நடுவம் என்பது யாது?

விளம்பரங்கள் யாவும் தத்தம் விடுதி ‘நகரின் நடுவில்’ உள்ளதாகவே கூறும். ஆதலின், நடுவம் எது என்பதை நாமே வரையறுத்துக்கொள்ள வேண்டும். இலண்டன் மாநகரின் பரப்பு ஏறத்தாழ 1,570 சதுர கிலோமீட்டர். 426 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சென்னை மாநகராட்சியைப் போல மூன்றரை மடங்கிற்கும் மேற்பட்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 88 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். இத்தகைய நகரில் நடுவத்திற்கும் விளிம்பிற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு.

மரபுப்படி இலண்டனுக்கான சாலைத் தொலைவுகள் சேரிங் கிராஸ் என்னுமிடத்தில் உள்ள முதலாம் சார்லஸ் மன்னனின் சிலையிலிருந்து அளக்கப்படுகின்றன. இது நகருக்கு நடுவம். பயணிக்கு நடுவம் வேறு. அவர் எந்த வேலையை முன்னிட்டுச் சென்றாரோ அந்த வேலை நடைபெறும் இடமே அவர்க்கு நடுவமாகும். மருத்துவமனைக்குச் செல்பவர்க்கு மருத்துவமனையும், பல்கலைக்கழகத்திற்குச் செல்பவர்க்குப் பல்கலைக்கழகமும் நடுவமாம். முதலில் அவ்விடத்தை வரைபடத்தில் குறித்து, அதனைச் சூழ நடந்து செல்லத்தக்க தொலைவை ஒரு வட்டமாக வரைந்துகொள்க. அவ்வட்டத்திற்குள் விடுதி அமையுமாயின் மிக நன்று. அமையாவிடின், இரயில் மாறாமல் நேரே வந்திறங்கத்தக்க நிலையத்தின் அருகே தேடுக.

மண்டலமும் அஞ்சற் குறியீடும்

இலண்டன் போக்குவரத்தில் கட்டணம் மண்டல முறையில் அமைந்துள்ளது. நடுப்பகுதி முதலாம் மண்டலம். அதனைச் சூழ்ந்து வளையம் வளையமாக ஆறாம் மண்டலம் வரை மாநகரம் விரிகிறது. முதல் இரு மண்டலங்களுக்குள் தங்குதல் பொதுவாக ஏற்றது.

முகவரியிலுள்ள அஞ்சற் குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருத்தலும் வேண்டும். இதில் ஒரு மயக்கம் உண்டு. 1917ஆம் ஆண்டு இக்குறியீடுகளுக்கு எண்கள் சேர்க்கப்பட்டபோது, ஒவ்வொரு திசையிலும் நடுவத்தை அடுத்த பகுதிக்கு 1 என்னும் எண் தரப்பட்டது. எஞ்சியவை தொலைவு நோக்கியன்றி, ஊர்ப்பெயர்களின் ஆங்கில அகரவரிசைப்படி எண்ணிடப்பட்டன. எனவே, கிழக்குத் திசையில் பெத்னல் கிரீன் ‘இ2’, போ ‘இ3’ என அமைய, மாநகரின் வடகிழக்கு விளிம்பிலுள்ள சிங்ஃபோர்டு ‘இ4’ எனப்படுகிறது. நான்கு என்பது ஐந்தைவிட நடுவத்திற்கு அண்மை என எண்ணுவோர் ஏமாறுவர். ‘டபிள்யூசி1’, ‘டபிள்யூசி2’, ‘டபிள்யூ1’, ‘எஸ்டபிள்யூ1’, ‘எஸ்இ1’ மற்றும் ‘இசி’ எனத் தொடங்கும் குறியீடுகள் நடுப்பகுதியைச் சார்ந்தவை என்று நினைவில் கொள்ளுதல் போதும்.

விமான நிலையப் பெயர்களும் மயக்கம் தருவனவே. கேட்விக், லூட்டன், ஸ்டான்ஸ்டெட் ஆகிய மூன்றும் இலண்டன் விமான நிலையங்கள் என வழங்கப்பெறினும், முறையே மேற்கு சசெக்ஸ், பெட்ஃபோர்டுசயர், எசெக்ஸ் என்னும் வேறு மாவட்டங்களில் அமைந்தவை. அவற்றின் அருகிலுள்ள விடுதி, விடியற்காலை விமானம் பிடிப்பவர்க்கன்றிப் பிறர்க்குப் பயன்படாது.

விடுதிகள் மிகுந்த பகுதிகள்

கல்விப் பணிக்காகச் செல்வோர்க்கு மிகவும் ஏற்ற பகுதி புளூம்ஸ்பரி ஆகும். பிரித்தானிய அருங்காட்சியகம், இலண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை, கீழைத்தேய ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரி ஆகியன இங்குள்ளன. வடக்கே யூஸ்டன் சாலையைக் கடந்தால், முன்பு அருங்காட்சியகத்தின் பகுதியாயிருந்து 1973இல் தனி நிறுவனமாகி, 1998இல் புதிய கட்டடத்தில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட பிரித்தானிய நூலகம் உள்ளது. பார்னெட், ஜி.யு. போப் ஆகிய இருவரும் தொகுத்து 1909இல் வெளிவந்த தமிழ் நூற்பட்டியல் இந்நூலகச் சேமிப்பின் பெருமையைத் தமிழறிஞர்க்கு உணர்த்தியதாகும். கார்ட்ரைட் கார்டன்ஸ், கவர் தெரு போன்ற இடங்களில் பழைய அடுக்கு வீடுகள் சிறு விடுதிகளாக மாற்றப்பட்டுள்ளன. இவற்றிலிருந்து நூலகத்திற்கு நடந்தே செல்லலாம்.

மேற்கே பாடிங்டன் பகுதியில் சசெக்ஸ் கார்டன்ஸ் சாலையின் இருமருங்கிலும் விடுதிகள் நிரம்ப உள்ளன. அருகிலுள்ள எட்ஜ்வேர் சாலை அரபு உணவகங்களுக்குப் பெயர்பெற்றது. ஹலால் உணவு வேண்டுவோர்க்கு இங்கு இடர்ப்பாடு இல்லை. பாடிங்டனிலிருந்து கிங்ஸ் கிராஸ் ஐந்தாவது நிறுத்தமாகும். தென்மேற்கே ஏர்ல்ஸ் கோர்ட் பகுதியில் வாடகை சற்றுக் குறைவாயிருத்தல் கூடும். விமான நிலையத்திற்கும் கிங்ஸ் கிராசுக்கும் பிக்கடில்லி தடத்தில் நேரடி இரயில் உண்டு. எனினும் கிங்ஸ் கிராஸ் பதினோராவது நிறுத்தம் என்பதைக் கருதுதல் வேண்டும்.

கிழக்கே ஒயிட்சேப்பல் பகுதியில் கிழக்கு இலண்டன் பள்ளிவாசலும் ஹலால் உணவகங்களும் உள்ளன. நடுவத்திற்குப் போக்குவரத்தும் எளிது. தமிழர் பலர் வாழும் ஈஸ்ட் ஹாம் இன்னும் கிழக்கே மூன்று, நான்காம் மண்டலங்களின் எல்லையில் உள்ளது. நம்மூர்ச் சாப்பாடும் தமிழ்ப் பேச்சும் அங்குக் கிடைக்கும். அங்கிருந்து கிங்ஸ் கிராசுக்கு நேரடி இரயிலும் உண்டு. உறவினர் இல்லத்தில் தங்கும் வாய்ப்புள்ளவர் அதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஆனால், நாள்தோறும் போக வர ஒன்றரை மணி நேரம் செலவாகும் என்பதையும், விருந்தினராயிருப்பவர்க்கு நேரம் தம் கையில் இராது என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்தல் நலம்.

பாதுகாப்பு

பாதுகாப்பினைப் பகுதி, தெரு, கட்டடம் என மூன்று நிலைகளில் ஆராய்தல் வேண்டும்.

பகுதியைப் பற்றிய செய்தி புதியதாயிருத்தல் இன்றியமையாதது. கிங்ஸ் கிராஸ் பகுதி 1980களிலும் 1990களிலும் போதைப்பொருளுக்கும் பிற தீமைகளுக்கும் இழிபெயர் பெற்றிருந்தது உண்மையே. ஆயின், 2007ஆம் ஆண்டு நவம்பரில் பாரிஸ் செல்லும் இரயில்கள் செயிண்ட் பாங்கிராஸ் நிலையத்திற்கு மாற்றப்பட்டன. அதனைத் தொடர்ந்து பழைய சரக்குக் கிடங்குகள் இருந்த நிலம் முழுவதும் திருத்தியமைக்கப்பட்டது. 2012இல் திறக்கப்பட்ட கிரானரி சதுக்கத்தில் இன்று குழந்தைகள் நீரூற்றுகளிடையே விளையாடுகின்றனர். பெரியவர் கூறியது அவர் கண்ட காலத்திற்குப் பொருந்தியது. நான் சென்ற காலத்திற்குப் பொருந்தவில்லை. ஆகவே, “நீங்கள் அங்கே இருந்தது எந்த ஆண்டில்?” என்று கேட்டறிந்த பின்னரே எவருடைய அறிவுரையையும் ஏற்க வேண்டும். இங்கிலாந்துக் காவல்துறை 2011 முதல் தெருவாரியாகக் குற்ற விவரங்களை வரைபடத்தில் வெளியிட்டு வருகின்றது. ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க இது துணைசெய்யும். மக்கள் கூட்டம் மிகுந்த இடத்தில் எண்ணிக்கையும் மிகுந்தே தோன்றுமாதலால், எண்ணிக்கையை மட்டுமன்றிக் குற்றத்தின் வகையையும் நோக்குக.

அடுத்து, தெரு. நிலையத்திலிருந்து விடுதி வாயில் வரையுள்ள வழியை இரவு பத்து மணிக்கு நடப்பதாகக் கருதிப் பார்க்க வேண்டும். கடைகள் உள்ள பெருந்தெரு வழியே செல்கிறதா, பாலத்தின் அடியிலோ பூங்காவின் ஓரமாகவோ செல்கிறதா என்பதை வரைபடத்தின் தெருக்காட்சிப் படங்களில் வீட்டிலிருந்தவாறே காணலாம். பெண்கள் தனித்துச் செல்லும்போது இதனைக் கட்டாயம் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, கட்டடம். சிறு விடுதிகள் பல, இருநூறு ஆண்டுப் பழமையான வீடுகளில் நடைபெறுகின்றன. படிக்கட்டுகள் குறுகலானவை. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணையின்படி, விடுதி நடத்துவோர் தீ நேர்வதற்கான வாய்ப்புகளை ஆராய்ந்து தடுப்பு ஏற்பாடுகளைச் செய்தல் கடமையாகும். எனினும், அறைக்குள் நுழைந்ததும் அவசரகால வழி எது என்பதைத் தாமே ஒருமுறை நடந்து பார்த்து வருதல் ஒவ்வொருவரின் பொறுப்பு. வரவேற்பு மேசையில் இரவு முழுதும் ஆள் இருப்பாரா என்பதையும் முன்னரே கேட்டறிக. சிறு விடுதிகளில் இரவு பத்து மணிக்கு மேல் எவரும் இரார். விமானம் தாமதமானால் வாயிலில் நிற்க நேரிடும்.

வாடகைக் கணக்கு

அறை வாடகையை மட்டும் நோக்குவது நம்மவர் பலர் செய்யும் பிழை. ஒரு நாளின் முழுச் செலவையே கணக்கிட வேண்டும். விளக்கத்திற்காகச் சில எண்களைக் கொள்வோம். விளிம்பிலுள்ள விடுதியில் வாடகை 70 பவுண்டு, போக்குவரத்து 15, காலை உணவு 10, ஆக 95. நடுவத்திலுள்ள விடுதியில் காலை உணவுடன் வாடகை 95 பவுண்டு. நடந்து செல்வதால் போக்குவரத்துச் செலவு இல்லை. ஆக அதுவும் 95. செலவு ஒன்றே, ஆயின் பின்னதில் நாளுக்கு மூன்று மணி நேரம் மிச்சமாகிறது. வாடகை மட்டும் பார்ப்பவர்க்கு முன்னது மலிவாகத் தோன்றும்.

வாடகை பருவத்திற்கேற்ப மாறும். சூன் முதல் ஆகஸ்டு வரை உயர்ந்தும், சனவரி, பிப்ரவரி மாதங்களில் தாழ்ந்தும் இருக்கும். பிரித்தானியாவில் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வழக்கமாகக் காட்டப்படும் விலையிலேயே அடங்கியிருக்கும். எனினும், ‘இதற்குமேல் ஏதேனும் செலுத்த வேண்டுமா?’ என்று எழுதிக் கேட்டு விடை பெறுதல் நன்று.

விடுதி வகைகள்

சிக்கனமாகத் தங்குவதற்குச் சிறு விடுதிகளேயன்றி வேறு வழிகளும் உள்ளன. கோடை விடுமுறையில் இலண்டன் கல்லூரிகள் சில தம் மாணவர் இல்லங்களின் அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. எளிமையும் தூய்மையும் உடைய இவ்வறைகள் பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே அமைந்துள்ளன. இளைஞர் விடுதிகளில் பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டிலை மட்டும் பெறலாம். பெண்களுக்கெனத் தனி அறை உண்டா என்று கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பெருநிறுவனங்களின் சிக்கன விடுதிகளில் அறைகள் ஒரே அளவினவாக இருப்பதால் ஏமாற்றம் குறைவு; முன்கூட்டிப் பதிவு செய்வோர்க்கு வாடகையும் குறைவு.

தமிழர் அறிந்திருக்க வேண்டிய விடுதி ஒன்றும் உண்டு. சேலத்தில் 1876ஆம் ஆண்டு பிறந்த கே.டி. பால் அவர்கள், இலண்டனில் படிக்க வந்த இந்திய மாணவர்கள் தங்குமிடமின்றி அல்லலுறுவதைக் கண்டு, 1920இல் அவர்களுக்கென ஒரு சங்கத்தையும் விடுதியையும் ஏற்படுத்தினார். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் கட்டடம் சேதமுற்றது. பின்னர் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் எழுப்பப்பட்ட புதிய கட்டடம் 1953இல் திறக்கப்பட்டது. இந்திய ஒய்.எம்.சி.ஏ. என்னும் பெயருடைய அவ்விடுதி சமய வேறுபாடு கருதாது எல்லாரையும் ஏற்பது. நூற்றாண்டுக்கு முன்னர் நம் மாணவர்க்கு இருந்த இடர்ப்பாட்டைத் தம் இடர்ப்பாடாக எண்ணிய ஒருவரின் செயல் இன்றளவும் பயன்தருகின்றது என்பது நினைத்து மகிழத்தக்கது.

அறையைப் பற்றிக் கேட்டறிய வேண்டியவை

பதிவு செய்யுமுன் கீழ்க்காண்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

1. மின்தூக்கி உண்டா? சிறு விடுதிகள் பலவற்றில் இராது. முதியோரும் முழங்கால் நோயுடையோரும் கீழ்த்தளத்து அறையைக் கேட்டுப் பெறுக.

2. குளியலறை அறைக்குள் உள்ளதா, பொதுவா? பொதுவாயின் வாடகை குறையும். கழிவறையில் நீர்க்குழாய் இராது. சிறு குவளையொன்றைப் பெட்டியில் எடுத்துச் செல்க.

3. அறை நிலத்திற்குக் கீழ் உள்ளதா? பழைய வீடுகளில் அடித்தள அறைகள் உண்டு. வெளிச்சமும் காற்றும் குறைவு.

4. சாளரம் பெருஞ்சாலையை நோக்கியதா? யூஸ்டன் சாலையை நோக்கிய அறையில் இரவு முழுதும் வண்டியோசை கேட்கும். பின்புற அறையைக் கேட்க வேண்டும்.

5. கோடையில் மின்விசிறி கிடைக்குமா? ‘இலண்டனில் என்ன வெயில்!’ என எண்ணுதல் கூடாது. 2022 சூலை 19 அன்று அங்கு வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடந்தது. பழைய விடுதிகளில் குளிரூட்டும் கருவி பெரும்பாலும் இராது.

6. காலை உணவில் என்ன உண்டு? ஆங்கிலேயர் காலை உணவில் பன்றி இறைச்சி இடம்பெறும். முட்டை, ரொட்டி, பழம் மட்டும் தருமாறு கேட்டால் மறுக்கமாட்டார்.

பதிவு செய்யும் முறை

நட்சத்திரக் குறியை மட்டும் நம்புதல் தகாது. பிரித்தானியாவில் அத்தரச்சோதனை கட்டாயமானதன்று. விரும்பும் விடுதிகளே அதற்கு உட்படுகின்றன. தங்கியோர் எழுதும் கருத்துரைகளில் அண்மை ஓராண்டுக்குள் எழுதப்பட்டவற்றை மட்டும் படிக்க வேண்டும். ஒருவர் எழுதிய குறையைவிட, ஒருவரையொருவர் அறியாத பலர் திரும்பத் திரும்பக் கூறும் குறையே பொருட்படுத்தத்தக்கது. அழுக்கு, பூட்டு, மூட்டைப்பூச்சி, இரவில் ஆளின்மை ஆகிய நான்கும் அடிக்கடி சொல்லப்பட்டால் அவ்விடுதியை விலக்குக. ‘அறை சிறியது’ என்னும் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். இலண்டன் நடுவில் சிறிய அறையே இயல்பு.

நுழைவிசைவு கைக்கு வருமுன் திரும்பப் பெற இயலாத முன்பணம் எதனையும் செலுத்தலாகாது. கட்டணமின்றி நீக்கிக்கொள்ளத்தக்க பதிவையே முதலில் செய்தல் வேண்டும். எந்நாள் வரை நீக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இசைவு கிடைத்தபின் குறைந்த வாடகையுள்ள பதிவிற்கு மாறிக்கொள்ளலாம். தனியாள் வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்புமாறு எவர் கேட்டாலும் அதனை மோசடியெனக் கொள்க. பதிவு முடிந்ததும் விடுதிக்கே தொலைபேசியில் பேசி, நம் பெயர் அவர்தம் ஏட்டில் உள்ளதா என உறுதி செய்தல் சாலச் சிறந்தது.

சென்றடையும் நாள்

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பிக்கடில்லி தட இரயில் ஒரு மணி நேர அளவில், எங்கும் மாறாமல் ரசல் சதுக்கத்திற்கும் கிங்ஸ் கிராசுக்கும் கொண்டு சேர்க்கும். 2022 மே மாதம் திறக்கப்பட்ட எலிசபெத் தடம் பாடிங்டன், ஒயிட்சேப்பல் பகுதிகளில் தங்குவோர்க்கு விரைவானது. இலண்டன் பேருந்துகளில் 2014 முதல் காசு வாங்குவதில்லை; பயண அட்டையோ வங்கி அட்டையோ வேண்டும். நிலைய வாயிலில் தாமாக வந்து அழைக்கும் வாடகை வண்டியில் ஏறுதல் கூடாது. கறுப்பு நிற வாடகை வண்டிகளை மட்டுமே தெருவில் நிறுத்தி ஏறலாம். பிற வண்டிகள் முன்பதிவு செய்யப்பட்டவையாக இருத்தல் சட்டமாகும்.

விடுதிகளில் பொதுவாகப் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கே அறை தருவர். காலையில் சென்றடைவோர் பெட்டியை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு வெளியே செல்லலாம். கடவுச்சீட்டை அறையின் பாதுகாப்புப் பெட்டியில் வைத்து, அதன் படியை மட்டும் கையில் கொள்க. அது தொலையுமாயின், ஆல்ட்விச் பகுதியில் இந்தியத் தூதரகம் இயங்கும் இந்தியா இல்லத்தை அணுக வேண்டும். நடைபாதையின் விளிம்பில் நின்று கைபேசியைப் பார்த்தல் கூடாது. வண்டியில் விரைந்து வந்து பறித்துச் செல்வோர் உண்டு. அவசர உதவிக்கு எண் 999. நம்மூர்ச் செருகி அங்குள்ள மின்துளைக்குப் பொருந்தாது. மாற்றுச் செருகியை இங்கிருந்தே வாங்கிச் செல்லுதல் நலம்.

முடிவுரை

சென்ற வேலை நடைபெறும் இடத்தை நடுவமாகக் கொள்ளல், பகுதி, தெரு, கட்டடம் என முந்நிலையில் பாதுகாப்பை ஆராய்தல், வாடகையோடு போக்குவரத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடல், நுழைவிசைவு வரும்வரை பணத்தைக் கட்டிப்போடாதிருத்தல் ஆகிய நான்கும் இதுகாறும் கூறியவற்றின் சாரமாகும். இம்முறை இலண்டனுக்கு மட்டுமன்றிப் பாரிசுக்கும் இஸ்தான்புல்லுக்கும் கோலாலம்பூருக்கும் பொருந்தும். பெயர்கள் மாறுமேயன்றி முறை மாறாது.

பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். விமானச்சீட்டிற்குப் பொருளுதவி செய்யும்போது தங்குமிடத்திற்கும் ஒரு பங்கை ஒதுக்குக. ‘எங்கேயாவது தங்கிக்கொள்வான்’ என்று விட்டுவிடுதல் சிக்கனமாகாது. வெளியூர் செல்லும் ஆய்வாளர்க்கு வாசக அறை மூடும்வரை அமர்ந்து படித்து, அச்சமின்றி நடந்து அறைக்குத் திரும்பும் வாய்ப்பு அமைதல் வேண்டும். அது கிடைத்திருந்தால், என் ஆசிரியர் தேடிய நூலை அவர் உயிரோடிருந்தபோதே அவர் கையில் கொடுத்திருப்பேன். வரும் தலைமுறை மாணவராவது தம் ஆசிரியர் கையில் அவ்வாறு கொடுத்து மகிழ்வாராக.